ஏழாம் எண்ணும் முப்பத்தோராம் எண்ணும்

பிப்ரவரி பதினெட்டு, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து இருபதுக்கு எழுந்தேன். ஜெபம், குளியல், மூன்று இட்லி. ஆறு ஐம்பதுக்கு விருதுநகரில் சிவகாசி பஸ். வலப்பக்கம் மூன்றாவது இருக்கை. எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எங்கள் ஆராய்ச்சி அலுவலகத்தைத் திறந்தேன். குளிர்பதனப் பெட்டி நான்கு டிகிரி, குறித்தேன். ஊசிகளை எண்ணினேன், குறித்தேன். எட்டரைக்கு டீ வந்தது, சர்க்கரை அதிகம். ஒன்பது பத்துக்கு மதுரை ஆய்வகத்திலிருந்து முந்தின வாரத்து முகாமின் முடிவுகள் கணினியில் வந்தன. மொத்தம் முப்பத்தெட்டுப் பேர்.

ஏழாம் எண்ணுக்குப் பதினொன்று புள்ளி நான்கு. முப்பத்தோராம் எண்ணுக்கும் பதினொன்று புள்ளி நான்கு. மற்றவர்களுடையது கவலைப்படும் அளவில் இல்லை.

அன்றைய நாட்குறிப்பில் இதுவரை என் கையெழுத்து நேராக இருக்கிறது. இதற்குப் பிறகு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.

நான் ஓய்வுபெற்றுவிட்டேன். என் இடத்துக்கு வந்திருக்கும் பெண்களுக்கு இப்போது வசதி அதிகம். ரத்தம் கொடுப்பவரின் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டுகிறார்கள். கருவியை நீட்டினால் பெயர் திரையில் வந்துவிடுகிறது. "இதெல்லாம் இல்லாதப்ப ஆள் மாறாம எப்படிப் பாத்துக்கிட்டீங்க சிஸ்டர்?" என்று கேட்டார்கள். ஒருமுறை ஆள் மாறியது என்று சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றார்கள்.

மதுரையில் மூன்று வருடம் நர்சிங் படித்தேன். அதன்பின் இருபத்தாறு வருடம் பிரசவ அறைகளிலும் தடுப்பூசி முகாம்களிலும் போயிற்று. கடைசி ஆறு வருடம் மட்டும் ஐம்பது வயது தாண்டிய ஆண்களின் பின்னால் அலைந்தேன். புராஸ்டேட் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிவது பற்றிய ஆராய்ச்சி அது. சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு நெல்லிக்காய் அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதில் கோளாறு வந்தால் பி.எஸ்.ஏ. என்ற பொருள் ரத்தத்தில் கூடும்; நான்கைத் தாண்டினால் கவனிப்போம். கூடினாலே புற்றுநோய் என்று சொல்லிவிட முடியாது. வயதானாலும் கூடும், கிருமித் தொற்று வந்தாலும் கூடும்.

எங்கள் தலைவர் டாக்டர் ஞானராஜ் முதல் நாளே சொன்னார்: "தேடினா கிடைக்கும் சிஸ்டர். கிடைச்ச எல்லாத்தையும் அறுத்து எடுக்கணும்னு இல்லை. எதை எடுக்கணும், எதைச் சும்மா பாத்துக்கிட்டு இருந்தாப் போதும்னு தெரிஞ்சுக்கத்தான் இந்த வேலை."

அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. தவறு நடந்தால் திட்ட மாட்டார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "முதல்ல இருந்து வாசிங்க" என்பார். நாம் எழுதியதை நாமே அவர் முன்னால் உரக்க வாசிக்க வேண்டும். தவறு வரும் வரி நெருங்க நெருங்க நமக்கே நாக்கு உலர்ந்துவிடும். அதற்குத் திட்டு எவ்வளவோ மேல்.

ரத்தம் எடுப்பதற்கு அவர் வைத்திருந்த விதிகள் சில. பெயரை நாம் சொல்லக் கூடாது. வந்தவர் தன் பெயரையும் தகப்பனார் பெயரையும் தானே சொல்ல வேண்டும். குழாயில் முன்கூட்டியே சீட்டு ஒட்டக் கூடாது. ரத்தம் நிரம்பிய பிறகு அவர் கண்முன்னால் எழுதி ஒட்ட வேண்டும். அரை மணி நேரம் உறைய விட்டு, சுழலும் இயந்திரத்தில் பத்து நிமிடம் வைத்து, மேலே தெளியும் மஞ்சள் நீரை ஐஸ் பெட்டியில் மதுரைக்கு அனுப்ப வேண்டும். நான் என் பங்குக்கு ஒன்று சேர்த்துக்கொண்டேன். எந்தக் கை, எத்தனை குத்து, ஆள் எப்படி இருந்தார் என்று நாட்குறிப்பில் ஒரு வரி.

ஊசி போடுவதைவிடக் கேள்வி கேட்பதுதான் சிரமம். இரவில் எத்தனை தடவை சிறுநீருக்கு எழுந்திருக்கிறீர்கள் என்று ஒரு பெண் கேட்டால் எந்த ஆண் சொல்வார்? "ஒரு தடவைகூட இல்லை நர்ஸம்மா, படுத்தா கட்டைதான்" என்பார்கள். வாசலில் நிற்கும் மனைவிமார் விடமாட்டார்கள். "கட்டையா? விடியிறதுக்குள்ள நாலு தடவை கதவைத் தொறந்து மூடுற கட்டை. அஞ்சுன்னு எழுதுங்க நர்ஸம்மா, ஒண்ணு கூடவே இருக்கட்டும்!" கடந்த இரண்டு நாளில் மனைவியோடு சேர்ந்திருந்தீர்களா என்றும் கேட்க வேண்டும், அதுவும் பி.எஸ்.ஏ.யைக் கூட்டும். ஒருவர் யோசித்துவிட்டு, "சீசன் நேரத்துல தீபாவளி ஆர்டரைத் தவிர வேற நெனப்பு யாருக்கும்மா இருக்கு?" என்றார். அதற்கு எந்தக் கட்டத்தில் குறியிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

தாயில்பட்டி முகாம் பிப்ரவரி பன்னிரண்டு, புதன்கிழமை. பட்டாசு கம்பெனிக்குள் எங்கள் இயந்திரத்தைக் கொண்டுபோக முடியாது. ஒரு பொறி போதும். அதனால் சமுதாயக் கூடத்தில் வைத்தோம். நான்கு மணிக்கு வேலை முடிந்து கம்பெனி வேன் நேரே அங்கு வந்து நின்றது. இறங்கிய அத்தனை பேரும் வெள்ளிச் சிலைகள். மத்தாப்பு மருந்தில் சேரும் அலுமினியப் பொடியை இங்கே சில்வர் என்பார்கள். தலைமுடி, இமை, காது மடல் எல்லாம் சில்வர். வீட்டுக்குப் போய்த் தேய்த்துக் குளித்தால்தான் அண்ணன் யார், தம்பி யார் என்று தெரியும். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து முழங்கை மடிப்பைத் துடைத்தால், அந்த இடத்தில் மட்டும் ஒரு ரூபாய் அளவுக்குச் சொந்தத் தோல் தெரியும்.

ஏழாவதாக வந்தவர் மாரியப்பன், வயது ஐம்பத்தாறு. பெயர் சொன்னார், தகப்பனார் பெயர் சொன்னார். முப்பத்தோராவது ஆள் வந்தபோது ஐந்து ஐம்பது. வேன் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அடுத்த பெயரைப் பட்டியலில் பார்த்தேன். "கருப்பசாமிதானே?" என்று கேட்டேன். அந்த வெள்ளி முகம் தலையாட்டியது.

விதியை மீறியது நான்தான். இதை எங்கும் மறைத்து எழுதவில்லை.

பதினெட்டாம் தேதி ஒன்பதரைக்கு டாக்டர் ஞானராஜைத் தொலைபேசியில் அழைத்தேன். ஆய்வகத்தில் மிச்சமிருந்த இரண்டு மாதிரிகளையும் மறுபடி ஓட்டச் சொன்னார். மாலை நான்கு மணிக்கு அவரே அழைத்தார். "மறுபடியும் ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டு பேருக்கு இப்படி அச்சா வர்றது அபூர்வம். லேப்ல தப்பு இல்லை. முகாம் மேஜையில என்ன நடந்ததுன்னு பாருங்க. யார்கிட்டயும் எண்ணைச் சொல்லாதீங்க."

நாட்குறிப்பைப் புரட்டினேன். ஏழு: இடக் கை, ஒரே குத்து, சிரித்த முகம். முப்பத்தொன்று: வலக் கை, ஒரே குத்து, தலையில் துண்டு, வாய் திறக்கவில்லை. ஒருவர் தன் ரத்தத்தை இரண்டு பெயரில் கொடுத்திருந்தால், அந்த ஒருவர் யார்? தப்பான ஆளுக்குப் போய் உங்களுக்குச் சந்தேகம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, உரிய ஆளை விட்டுவிட்டால்? அன்று திரும்பும் பஸ்ஸில் என் மூன்றாவது இருக்கையில் வேறு யாரோ உட்கார்ந்திருந்ததைக்கூட இறங்கும்போதுதான் கவனித்தேன்.

மறுநாள் தாயில்பட்டி. முந்தின நாள் திடீர் மழை பெய்திருந்தது. காற்றில் ஈரம் இருந்தால் பட்டாசு மருந்து கலக்க மாட்டார்கள், கம்பெனி லீவு. கருப்பசாமி வீட்டில் இருந்தார். அறுபத்தொரு வயது, முகாமில் நான் பார்த்த வெள்ளி மனிதரைவிட அரைச்சாண் உயரம். மருந்து கலக்கும் அறையில் முப்பது வருடமாக நிற்பவர். அவர் மனைவி முத்துலட்சுமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"வாங்க நர்ஸம்மா, உக்காருங்க. என்ன, இவுகளுக்கு எதுவும் இருக்கா?"

"ஒண்ணும் இல்லைம்மா. ரத்தம் எடுத்ததுல ஒரு சந்தேகம். அண்ணே, அன்னைக்கு நீங்க எந்தக் கையில குடுத்தீங்க?"

"கையிலயா..." கருப்பசாமி இரண்டு கையையும் பார்த்தார். "இந்தக் கைதான்."

அவர் நீட்டியது இடக் கை. என் குறிப்பில் வலக் கை.

அடுப்படியில் கரண்டி விழும் சத்தம் கேட்டது. முத்துலட்சுமி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிருவேன் பாத்துக்கோங்க," என்றார் கணவரிடம். "நர்ஸம்மா, கையில பிளாஸ்திரி இல்லாம வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு அன்னைக்குக் காலைலயே சொல்லித்தான் அனுப்பினேன். பிளாஸ்திரியோட வந்தாக. சாப்பிடுறப்ப ஓரம் பிஞ்சு தொங்குச்சுன்னு எடுத்தேன். அடியில பாத்தா சில்வர் அப்படியே இருக்கு! பஞ்சு தொட்ட கையில எப்படிம்மா சில்வர் இருக்கும்?"

"ஏட்டி, சும்மா இருக்கியா..."

"அம்புட்டு மருந்துக்கு நடுவுல நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்கிற ஆளு. முள்ளு குத்துனா மூணு நாளைக்குப் படுத்துருவாரு. யாரு பிளாஸ்திரியை ஒட்டிக்கிட்டு வந்தாகன்னு அன்னைக்கே கேட்டிருப்பேன். இந்தச் சங்கதியை வேணும்கிறப்ப எடுத்துக்கலாம்னு மனசுல பத்திரமா வச்சிருந்தேன்."

கருப்பசாமி தலையைச் சொறிந்தார். "ஊசின்னா ஆகாதும்மா. கம்பெனியில ஒருத்தன் வர லேட்டானா பக்கத்து ஆளு அவனுக்கும் சேத்துக் கையெழுத்துப் போட்டு வைப்பான்ல, அந்த மாதிரிதான்னு நெனச்சோம். மாரியப்பன்தான், 'நீங்க சும்மா இருங்கண்ணே, எனக்கு இன்னொரு கை சும்மாதான கெடக்கு'ன்னான்."

மாரியப்பன் அவருடைய சகலை. முத்துலட்சுமியின் தங்கையைக் கட்டியவர்.

நானும் சிரித்துவிட்டேன். பிறகு மூவரும் ஒரே நேரத்தில் நிறுத்தினோம். கருப்பசாமிதான் முதலில் கேட்டார்.

"நர்ஸம்மா, ஒண்ணும் இல்லைன்னா நீங்க எதுக்கு விருதுநகர்ல இருந்து பஸ் ஏறி வாரீக?"

"அதை நான் சொல்லக் கூடாதுண்ணே. நீங்க உங்க கையைக் குடுங்க, புதுசா எடுத்துருவோம்."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கட்டாயப்படுத்த எங்களுக்கு அனுமதி இல்லை. எழுந்தேன்.

மாரியப்பன் வீடு மூன்று தெரு தள்ளி. அவரைத் தனியே உட்காரவைத்துக் கேட்டேன். உடனே ஒப்புக்கொண்டார், பெருமையாகவே ஒப்புக்கொண்டார். அவருடைய அளவைச் சொல்லி, ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், அப்போதும் கூடுதலாக இருந்தால் மதுரையில் ஸ்கேன் என்று விளக்கினேன்.

"எனக்கு ஒண்ணுமே செய்யலையே நர்ஸம்மா. ராத்திரி ஒரு தடவைதான் எந்திரிக்கேன். ஒங்க மிஷினு தப்பா சொல்லியிருக்கும்."

"ரெண்டு தடவை, ரெண்டு பேர்ல பாத்தாச்சுண்ணே. ஒரே கணக்குத்தான் சொல்லுது."

அவர் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். "அப்ப நானே எனக்குச் சாட்சி சொல்லிட்டேன்," என்றார்.

அன்று மாலை டாக்டர் ஞானராஜ் சிவகாசி அலுவலகத்துக்கு வந்தார். பென்சில் காதுக்குப் போனது. "முதல்ல இருந்து வாசிங்க."

வாசித்தேன். ஹாரன் சத்தம், ஐந்து ஐம்பது, "கருப்பசாமிதானே என்று கேட்டேன்." நிறுத்தினேன். அவர் "மேலே," என்றார். பிளாஸ்திரி, அதன் அடியில் இருந்த சில்வர், முத்துலட்சுமி எல்லாவற்றையும் வாசித்தேன். முதலில் அவர் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு கையிலிருந்த டீ படிவத்தின் மேல் சிந்தியது. ஆறு வருடத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"சிஸ்டர், லேப் சரியா வேலை செய்யுதான்னு பாக்க, ஒரே ரத்தத்தை ரெண்டு பேர்ல, அவங்களுக்குத் தெரியாம அனுப்பணும்னு ரெண்டு வருஷமா நெனச்சுக்கிட்டிருக்கேன். நாம செய்யலை. அந்த ரெண்டு பேரும் செஞ்சு குடுத்துட்டாங்க. புள்ளிக்கு அந்தப்பக்கம்கூட மாறலை!" பிறகு பென்சிலால் மேஜையை ஒருமுறை தட்டினார். "பேரை இனிமே நீங்க சொல்லாதீங்க."

முப்பத்தோராம் எண்ணை ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் காரணம், தேதி, கையெழுத்து இட்டேன். அடுத்த மாதத்திலிருந்து எல்லா முகாமும் காலை ஏழு மணிக்கு, வேலைக்குப் போகுமுன் நடந்தது.

ஆறு வாரம் கழித்தும் மாரியப்பனின் எண் இறங்கவில்லை. மதுரைக்குப் போகவேண்டிய நாளில் அவர் போகவில்லை. தகவல் தெரிந்து நான் தாயில்பட்டிக்குப் போனபோது, அவர் வீட்டு வாசலில் கருப்பசாமி நின்று சத்தம்போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏலே, கெளம்பு. எனக்காகக் குடுத்த ரத்தத்துலதான இது தெரிஞ்சுச்சு?"

"அது இல்லாட்டியும் ஏழாம் நம்பர்ல தெரிஞ்சிருக்கும்ணே."

"ஒத்தை ஏழாம் நம்பரை மட்டும் நீ நம்பியிருப்பியாலே? மிஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டு மருந்து கலக்க வந்திருப்பே."

மாரியப்பன் என்னைப் பார்த்தார். அது உண்மை என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

"நீ நல்லபடியா வந்தா இருக்கன்குடி ஆத்தாளுக்கு மொட்டை போடுறேன்லே," என்றார் கருப்பசாமி.

"ஒங்க தலையில எங்கண்ணே முடி இருக்கு, ஆத்தாளை ஏமாத்துறதுக்கு? நேர்றதுன்னா இந்த அம்மாகிட்டக் கையை நீட்டுறேன்னு நேருங்க."

முத்துலட்சுமி கூட வந்திருந்தார். "ஆத்தா, கேட்டுக்கிட்டியா?" என்று கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டார். கருப்பசாமிக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று.

ஸ்கேனில் ஒரு நிழல் தெரிந்தது. ஊசியால் சின்னத் துணுக்குகள் எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் உறுதியானது. சுரப்பியை விட்டு வெளியே போகவில்லை; ஆனால் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் வகையும் இல்லை. டாக்டர் ஞானராஜ் அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சு இரண்டையும், இரண்டிலும் வரக்கூடிய தொந்தரவுகளையும் ஒளிக்காமல் சொன்னார். இரண்டு சகலைகளும் மருத்துவமனை கேண்டீனில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு, அறுவைச் சிகிச்சை என்று வந்து சொன்னார்கள். ஜூன் முதல் வாரத்தில் நடந்தது. மருத்துவமனையில் இருந்த ஐந்து நாளும் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்தவர் கருப்பசாமி. மாரியப்பனுக்கு ஊசி போட நர்ஸ் வரும்போதெல்லாம் இவர் வராந்தாவுக்குப் போய்விடுவார்.

வீட்டுக்கு வந்தபின் இரண்டு மாதம் மாரியப்பனுக்குச் சிறுநீர் அடங்காமல் சொட்டியது. வரும் என்று முன்பே சொல்லியிருந்தாலும் அவர் கூனிப்போய்விட்டார். "திரி நமுத்துருச்சுலே, அம்புட்டுத்தான். வெயில்ல காயட்டும்," என்று கருப்பசாமி தினமும் போய்க் கிண்டல் செய்வார். நான் பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்தேன். கிண்டலும் உதவியிருக்கும். ஆகஸ்டில் காய்ந்துவிட்டது.

செப்டம்பர் பதினொன்று, வியாழக்கிழமை, மாலை மூன்று நாற்பதுக்கு மாரியப்பனுடைய அடுத்த ரத்த முடிவு வந்தது. பி.எஸ்.ஏ., கருவியால் கண்டறிய முடியாத அளவு. நான் தொலைபேசியில் சொல்லவில்லை; பஸ் ஏறிப் போனேன். வேன் வந்து நின்றது. சீசன் உச்சம், இறங்கியவர்கள் எல்லாம் சில்வர். இந்த முறை அவரைக் கண்டுபிடிக்க எனக்குச் சிரமமே இல்லை. சொன்னேன். அவர் பக்கத்தில் நின்ற கருப்பசாமியை இறுகக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரின் கன்னத்திலும் கண்ணீர் கோடு போட்டது. முத்துலட்சுமி என் கையில் ஒரு பொட்டலம் சேவும் கருப்பட்டி மிட்டாயும் திணித்தார். பிறகு கணவரின் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு வெள்ளிக்கெழமை. ஆத்தாளுக்கு உகந்த நாளு."

"சீசன் நேரம் முத்துலட்சுமி, ஆர்டரு..."

"கம்பெனியில நான் முன்னாடியே பேசி வச்சுட்டேன் அண்ணே," என்றார் மாரியப்பன். "ஒரு மணி நேரம் லேட்டா வந்தாப் போதுமாம்."

மறுநாள் காலை ஏழு பதினைந்து. தாயில்பட்டி சமுதாயக் கூடத்தில் நான் செய்த முதல் வேலை, கருப்பசாமியின் இடக் கையை மேஜைமேல் வைத்தது. குளித்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். மாரியப்பன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். முத்துலட்சுமி கதவை மறித்து நின்றார். கருப்பசாமி கண்ணை இறுக மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, "முடிஞ்சிருச்சா நர்ஸம்மா?" என்று கேட்டார்.

"இன்னும் பஞ்சுதான்ணே தொட்டிருக்கு," என்றேன். மற்ற இருவரும் சிரித்தார்கள், அவரும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் கை தளர்ந்தது. ஊசியை இறக்கினேன். ஒரே குத்து.